கிருபை, விசுவாசம், நற்கிரியை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடப்படுத்தல் வகுப்பிலும் வேதபாடக் கூட்டத்திலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வசனங்கள் புராட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. அதில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு, நற்கிரியை என்று வருவதைக் கத்தோலிக்க வாசகர்கள் அருள், நம்பிக்கை, மீட்பு, நற்செயல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவு என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எபேசியர் 2:8-10-ஐ முழுதாக வாசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வசனம் இப்படிப் போகிறது: "ஏனெனில், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்."

கிருபைதான் காரணம். விசுவாசம் அதை வாங்கிக்கொள்ளும் வெறுங்கை. நற்கிரியை, எதற்காக அது கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கம். இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். நற்கிரியையை முதலில் வைத்தால் கிருபை கூலியாகிவிடும். அதை வரிசையிலிருந்தே எடுத்துவிட்டால் விசுவாசம் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வரிசையைப் பற்றியவைதான்.

கிருபை என்றால் கடவுள் பாவத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார் என்று அர்த்தமா?

இல்லை. ரோமர் 3:24-26 கிருபையையும் சிலுவையையும் ஒன்றாகவே பேசுகிறது. நமக்கு அது இலவசம், கொடுத்தவருக்கு இலவசமல்ல. தீத்து 2:11-12 இன்னொன்றையும் சேர்க்கிறது: அதே கிருபைதான் அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழ நமக்குப் போதிக்கிறது. மன்னிப்பது, மாற்றுவது என்று கிருபைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்றை மட்டும் பிரசங்கிக்கும் இடத்தில் மக்கள் துணிகரத்திலோ சோர்விலோ போய் விழுவதைப் பார்க்கலாம்.

விசுவாசம் என்பது "கடவுள் இருக்கிறார்" என்று நம்புவதுதானே?

அது ஒரு பகுதிதான். புராட்டஸ்டண்டு சபைகள் உருவான 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த காலத்து இறையியலாளர்கள் விசுவாசத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: செய்தியை அறிந்திருப்பது, அது உண்மை என்று ஒப்புக்கொள்வது, அதன்மேல் தன்னையே சாய்த்துவிடுவது. 1563-இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடை என்ற சீர்திருத்தச் சபைப் போதனை நூலின் 21-ஆம் கேள்வி இதைத்தான் பேசுகிறது: மெய்யான விசுவாசத்தில் அறிவும் வேண்டும், "மற்றவர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் மன்னிப்பு உண்டு" என்ற உறுதியான நம்பிக்கையும் வேண்டும்.

முதல் இரண்டு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாக்கோபு 2:19 கடுமையான உதாரணம் தருகிறது: "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." அவற்றுக்கு அறிவும் உண்டு, ஒப்புதலும் உண்டு. சாய்தல்தான் இல்லை.

விசுவாசிப்பதும் நான் செய்கிற ஒரு கிரியைதானே?

கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கு யாரும் கூலி கேட்பதில்லை. விசுவாசத்தின் மதிப்பு அது பற்றிக்கொள்கிறவரிடம் இருக்கிறது. அதன் பலத்தில் இல்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24) என்று அழுத தகப்பனுடைய மகன் சுகமானான். ஆகவே "எனக்குப் போதுமான விசுவாசம் இல்லை, அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை" என்று நோயாளியின் தலையில் பழியைப் போடுவது தவறு. அப்படிச் சொல்லும்போது விசுவாசமே சம்பாதிக்க வேண்டிய கிரியையாகிவிடுகிறது.

பவுலும் யாக்கோபும் ஒருவரை ஒருவர் மறுக்கிறார்களே?

இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்தால் அப்படித்தான் தோன்றும்.

ரோமர் 3:28: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்று தீர்க்கிறோம்."

யாக்கோபு 2:24: "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறானென்று நீங்கள் காண்கிறீர்களே."

இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆதியாகமம் 15:6-ஐ, அதாவது "அவன் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது" என்ற அதே வரியை, இருவருமே காட்டுகிறார்கள். வேறுபாடு எங்கே என்று பார்க்க ஆபிரகாமின் வயதைக் கணக்கிடுங்கள். 15-ஆம் அதிகாரத்தில் அவர் விசுவாசிக்கிறார். 16-ஆம் அதிகாரத்தின் முடிவில், இஸ்மவேல் பிறக்கும்போது, அவருக்கு 86 வயது. 17-ஆம் அதிகாரத்தில் விருத்தசேதனம் பண்ணப்படும்போது 99 வயது. ஆகவே நீதிமானாக எண்ணப்பட்டு 13 வருஷமாவது கழித்துத்தான் விருத்தசேதனம் வருகிறது. ரோமர் 4:10-இல் பவுல் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான்: விருத்தசேதனமில்லாதபோதே அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார், எனவே புறஜாதியாரும் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படலாம்.

யாக்கோபு இன்னும் பல வருஷம் தள்ளி 22-ஆம் அதிகாரத்துக்குப் போகிறார். அங்கே ஈசாக்கு, விறகுக்கட்டைத் தானே சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். அவனைப் பலிபீடத்தில் வைத்தபோது, முன்னே சொன்ன வேதவாக்கியம் "நிறைவேறிற்று" என்கிறார் யாக்கோபு. பழைய விசுவாசம் உயிரோடிருக்கிறது என்பது அங்கே வெளிப்பட்டது.

பவுல் எதிர்கொள்வது உள்ளே வருவதற்கு நுழைவுக் கட்டணம் கேட்கிறவர்களை. யாக்கோபு எதிர்கொள்வது உள்ளே உட்கார்ந்துகொண்டு, துணியும் சோறும் இல்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறவர்களை (2:15-16). முதல் கூட்டத்துக்கு யாக்கோபின் வசனத்தையும் இரண்டாவது கூட்டத்துக்குப் பவுலின் வசனத்தையும் கொடுத்தால் இரண்டு பேருடைய நோயும் முற்றும். பிரசங்க பீடத்தில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

இருவரும் சந்திக்கும் இடம் கலாத்தியர் 5:6: "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்." எழுதியவர் பவுல்.

"நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று பவுல் எதைச் சொல்கிறார்?

இதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியரான மார்ட்டின் லூத்தரின் வழி வந்தவர்கள், மனிதன் கடவுளின் தயவைப் பெறுவதற்காகச் செய்யும் எல்லாச் செயல்களும் இதில் அடங்கும் என்கிறார்கள். 1977-இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ் இதைக் கேள்விக்குள்ளாக்கினார்: முதல் நூற்றாண்டு யூதர்கள் தங்கள் தெரிந்துகொள்ளுதலைக் கடவுளின் கிருபையென்றே நம்பினார்கள், பிரமாணத்தைக் கைக்கொண்டது அந்த உடன்படிக்கைக்குள் நிலைத்திருப்பதற்காக. அவருக்குப் பின் ஜேம்ஸ் டன், என். டி. ரைட் போன்றவர்கள், பவுல் குறிவைப்பது குறிப்பாக யூதரைப் பிறரிடமிருந்து பிரித்துக்காட்டிய விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் ஆகியவற்றை என்றார்கள். சவக்கடல் சுருள்களில் ஒன்றிலும் "பிரமாணத்தின் கிரியைகளில் சில" என்ற சொற்றொடர் தூய்மைச் சடங்குகளைப் பற்றிப் பேசும்போது வருகிறது.

கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் சண்டை தொடங்குவது அந்தியோகியாவின் சாப்பாட்டுப் பந்தியில்தான் என்பதை மறக்கக் கூடாது. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். தனிப்பந்தி போட்டால் சுவிசேஷமே அடிபடும் என்பது அவருடைய வாதம். சாதி பார்த்துத் திருவிருந்துக்கு வரிசை வைத்த வரலாறு உள்ள நம் சபைகள் இந்த அதிகாரத்தை மெதுவாக வாசிக்க வேண்டும்.

ரோமர் 3:28-இல் "மாத்திரம்" என்ற சொல்லை லூத்தர் சேர்த்தாரா?

ஆம். 1522-இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இல்லை. ஜெர்மன் பேச்சுநடைக்கும் பவுலின் வாதத்துக்கும் அது தேவை என்று 1530-இல் ஒரு திறந்த கடிதத்தில் அவர் விளக்கினார். யாக்கோபு நிருபத்தை மற்ற நிருபங்களோடு ஒப்பிட்டு "வைக்கோல் நிருபம்" என்று 1522-இல் எழுதியதும் அவரே. பிற்பாடு முழு வேதாகமத்தை வெளியிட்டபோது அந்த வரியை விட்டுவிட்டார்; நிருபத்தை ஒருபோதும் வெட்டி எறியவில்லை. இதே மனிதர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, நல்லது செய்யாமல் இருக்க அதனால் முடியாது என்று சொன்னதையும் சேர்த்து வாசித்தால்தான் அவர் சொல்லவந்தது புரியும்.

கத்தோலிக்கத் திருச்சபை "நற்செயலால் மீட்பு" என்று போதிக்கிறதா?

புராட்டஸ்டண்டு கூட்டங்களில் அடிக்கடி இப்படிச் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. கடவுளின் அருளில்லாமல் மனித முயற்சியால் மீட்படையலாம் என்ற பெலாஜியுஸின் கொள்கையை 418-இல் கார்த்தேஜ் சங்கம், அதாவது அங்கே கூடிய ஆயர்கள் மன்றம், கண்டித்தது. விசுவாசத்தின் தொடக்கமே அருளின் கொடை என்று 529-இல் ஆரஞ்சு சங்கம் தீர்மானித்தது. 1547 ஜனவரி 13-இல் திரெந்து சங்கம் தன் ஆறாவது அமர்வில் 33 விதிகளை வகுத்தது. அவற்றில் முதல் விதியே, அருளில்லாமல் தன் செயல்களால் ஒருவன் கடவுளுக்கு முன் நீதிமானாகலாம் என்று சொல்பவனைச் சபிக்கிறது.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. நீதிமானாக்கப்படுதல் என்பது நீதிபதி "குற்றமில்லை" என்று தீர்ப்புச் சொல்வது போன்ற அறிவிப்பு, கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எண்ணப்படுகிறது, உள்ளான மாற்றம் அதைத் தொடர்ந்து வருகிறது என்பது சீர்திருத்தச் சபைகளின் போதனை. மன்னிப்பும் உள்ளான புதுப்பித்தலும் சேர்ந்ததுதான் நீதிமானாக்குதல், அது வளரவும் செய்யும், சாவான பாவத்தால், அதாவது அறிந்தே மனதாரச் செய்யும் கனமான பாவத்தால், அதை இழக்கவும் கூடும் என்பது கத்தோலிக்கப் போதனை. அருளால் செய்யப்படும் செயல்களுக்கு "பேறுபலன்", அதாவது கடவுள் தரும் வெகுமதிக்கான தகுதி, உண்டு என்பதும் அங்கே உண்டு. ஆனால் முதல் மன்னிப்பை யாராலும் சம்பாதிக்க முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (2010-ஆம் பத்தி) தெளிவாகச் சொல்கிறது.

1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. எங்கள் தகுதியால் அல்ல, கிருபையால் மாத்திரம், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைத்த விசுவாசத்தில் நாங்கள் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், ஆவியானவர் எங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் 15-ஆம் பத்தியின் சாரம். உலக மெதடிஸ்டு மன்றம் 2006-இலும் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் இதோடு இணைந்தன. நற்கருணை, குருத்துவம், பாப்பரசரின் அதிகாரம் பற்றிய பிரிவினை அப்படியே இருக்கிறது. கடந்த ஐந்நூறு வருஷச் சண்டையின் மையத்தில் இவ்வளவு தூரம் ஒன்றுசேர முடிந்தது பெரிய காரியம். நம் சபைகளில் இதைக் கற்பிப்பவர்கள் குறைவு என்பது வருத்தம் தருகிறது.

விசுவாசம் போதும் என்றால் தானதர்மம் குறைந்துவிடாதா?

சீர்திருத்தக் காலத்திலேயே எழுந்த கேள்வி இது. அன்று பிச்சை போடுவது போடுகிறவருடைய ஆத்துமாவுக்குப் பலன் தருவதாக எண்ணப்பட்டது. பிச்சைக்காரர் பசியோடு நாளைக்கும் வரவேண்டியிருந்தது. கடவுளுக்கு நம் நற்கிரியை தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தேவை என்று லூத்தர் போதித்ததும் கணக்கு மாறியது.

சாக்சனியிலுள்ள லைஸ்னிக் என்ற சிற்றூர் 1523-இல் ஒரு பொதுப்பெட்டி வைத்தது. லூத்தர் அதன் விதிகளுக்கு முன்னுரை எழுதினார். நிர்வாகத்துக்குப் பத்துப் பேர்: பிரபுக்களிலிருந்து 2, நகரமன்றத்திலிருந்து 2, நகரவாசிகளிலிருந்து 3, கிராமத்து விவசாயிகளிலிருந்து 3. பெட்டிக்கு நான்கு பூட்டு. நான்கு தரப்புக்கும் ஆளுக்கொரு சாவி. எல்லாரும் கூடினால்தான் திறக்கலாம். அநாதைகள், முதியோர், தொழில் நொடித்த கைவினைஞர்கள் ஆகியோருக்கு அதிலிருந்து உதவி போயிற்று. இன்று சபைக்கணக்கில் ஏழைநிதி வைத்திருப்பவர்கள் அந்த நான்கு பூட்டை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

பவுலிடம் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது: "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" அவர் பதில் ஒரே சொல்: "கூடாதே."

மனந்திரும்பிவிட்டேன். முன்பு ஏமாற்றிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டும். மன்னிப்பை வாங்குவதற்காக அல்ல, மன்னிப்பு வந்துவிட்டதால்.

லூக்கா 19-இல் வரிவசூலிப்பவனான சகேயுவின் கதையில் எது முதலில் நடக்கிறது என்று பாருங்கள். இயேசு அண்ணாந்து பார்த்து, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். சகேயு அதுவரை ஒரு காசும் கொடுக்கவில்லை, ஒரு பாவமும் அறிக்கையிடவில்லை. சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டபின்தான், ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப என்கிறார். எண்ணாகமம் 5:6-7-இன்படி, தானாக ஒப்புக்கொள்பவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி விற்றுவிட்டவனுக்கான அபராதம் (யாத்திராகமம் 22:1). 50,000 ரூபாய் ஏமாற்றியவர் எண்ணாகமத்தின்படி 60,000 கொடுக்க வேண்டும். சகேயுவின் கணக்கில் 2 லட்சம். கடமைக்குச் செய்கிறவன் குறைந்த தொகையைத்தான் தேடுவான்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்:

முதலில் யாரிடம், எவ்வளவு என்று எழுதுங்கள். நினைவு மங்கலாக இருந்தால் கூடுதலான தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் அல்லது மனைவியிடம் சொல்லுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் செய்தால் புதிதாக ஒரு பொய் முளைக்கும். உரியவரைச் சந்தித்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "அப்போது என் சூழ்நிலை அப்படி" என்று தொடங்காதீர்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள். திருப்பித் தருவதற்காக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்குக் கொடுங்கள். யாரையும் கண்டுபிடிக்க முடியாதபோது மட்டும் ஏழைகளுக்குக் கொடுக்கலாம்.

அதிகம் நடக்கும் தவறு: உரியவரிடம் போக வெட்கப்பட்டு அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவது. எண்ணாகமம் 5:8, வாங்கிக்கொள்ள உறவினர் எவரும் இல்லாதபோதுதான் அது ஆசாரியனிடம் போகலாம் என்கிறது. அடுத்தவர் பணத்தை ஆலயத்துக்குக் கொடுப்பது தர்மமாகாது. வழக்கு வரக்கூடிய விஷயமென்றால் போதகரையும் வழக்கறிஞரையும் முன்னதாகக் கலந்துகொள்ளுங்கள்.

தசமபாகம் கொடுத்தால் பல மடங்கு திரும்ப வரும் என்கிறார்களே?

"ஆயிரம் விதையுங்கள், லட்சம் அறுப்பீர்கள்" என்பது வியாபாரம். மல்கியா 3:10-ஐ அதற்கு ஆதாரமாகக் காட்டுபவர்கள் உபாகமம் 14:28-29-ஐ வாசிப்பதில்லை: மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டியது. ஒற்தலாமிலும் (புதினாவிலும்) வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கண்டித்தார் (மத்தேயு 23:23). புதிய ஏற்பாடு சபைகளுக்குச் சதவீதம் எதுவும் விதிக்கவில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" (2 கொரிந்தியர் 9:7) என்பதுதான் அளவு. பத்தில் ஒன்று நல்ல பழக்கம்; கடன் அடைக்கத் திணறுகிற குடும்பத்தின்மேல் அதைச் சாபத்தோடு சுமத்துவது பாவம். கடவுளின் வரத்தைப் பணத்தால் வாங்கலாமென்று நினைத்த சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில் அப்போஸ்தலர் 8:20-இல் இருக்கிறது.

பொருத்தனை, நேர்த்திக்கடன் கிருபைக்கு எதிரானதா?

நன்றியாகச் செய்யும்போது இல்லை. அன்னாள் பொருத்தனை பண்ணினாள்; சங்கீதம் 116 பொருத்தனையைச் சபைக்கு முன் செலுத்துவதைப் பாடுகிறது. "இதைக் கொடுத்தால்தான் நான் அதைச் செய்வேன்" என்று பேரம் பேசும்போதும், நிறைவேற்றாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நடுங்கும்போதும் அது தடம் மாறிவிடுகிறது. அவசரத்தில் நேர்ந்துவிட்டு நிறைவேற்ற முடியாமல் தவிப்பவர்கள் பயத்தை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி தனிப்பட்ட நேர்ச்சியிலிருந்து தகுந்த காரணத்துக்காகப் பங்குத்தந்தை விலக்கு அளிக்கலாம். மற்ற சபைகளில் ஆயரிடம் சொல்லி ஜெபித்துவிட்டு, இயன்ற வேறொரு உதவியைச் செய்யலாம். பிறருக்குத் தீங்கு தரும் பொருத்தனை எதுவும் கட்டுப்படுத்தாது. பொருத்தனைக்காகத் தன் மகளையே பலிகொடுத்த யெப்தாவின் கதை (நியாயாதிபதிகள் 11) நம்மை எச்சரிப்பதற்காக எழுதப்பட்டது.

உபவாசம் இருந்தால் புண்ணியம் சேருமா?

சேமிப்புக் கணக்குப் போல எதுவும் சேராது. லத்தீன் திருச்சபைச் சட்டத்தில் சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்களும் ஒருசந்தி நாள்கள்: ஒரு முழுச் சாப்பாடு, வேண்டுமானால் இரண்டு சிறு உணவு. 18 வயது முடிந்தவர்கள் 60-ஆம் வயது தொடங்கும்வரை இதைக் கைக்கொள்ள வேண்டும். புலால் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது முடிந்தவர்களுக்கு. புராட்டஸ்டண்டு சபைகளில் லெந்து கால உபவாசம் அவரவர் விருப்பம். எந்தச் சபையானாலும் ஏசாயா 58:7 கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மிச்சமான சாப்பாடு பசித்தவனிடம் போயிற்றா? சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் உபவாசம் இருக்கத் தேவையில்லை.

சாகும் தறுவாயில் மனந்திரும்பினால் போதுமா?

சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குப் போதுமாயிருந்தது. அவன் ஞானஸ்நானம் பெறவில்லை, தர்மம் செய்ய அவனுக்குக் கையும் இல்லை. ஆனாலும் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்தவனைக் கண்டித்தான், தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், இயேசு குற்றமற்றவர் என்று சாட்சி சொன்னான். மரணப்படுக்கையிலிருப்பவரிடம் தயங்காமல் இந்த நம்பிக்கையைச் சொல்லலாம்.

நியாயத்தீர்ப்பு கிரியைகளின்படி என்று வேதம் சொல்கிறதே?

சொல்கிறது: மத்தேயு 25, ரோமர் 2:6, 2 கொரிந்தியர் 5:10. அதை மழுப்பக் கூடாது. மத்தேயு 25-இல் கேட்கப்படும் ஆறும் சாதாரணமானவை: சோறு, தண்ணீர், இடம், துணி, நோயாளியைப் பார்க்கப் போவது, சிறைக்குப் போவது. வலதுபக்கம் நிற்பவர்களுக்குத் தாங்கள் செய்தது நினைவிலேயே இல்லை, "எப்பொழுது கண்டோம்?" என்று கேட்கிறார்கள். பலனைக் கணக்குவைத்துச் செய்தவர்கள் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே கிரியைகள் விசுவாசம் உண்மையா என்று காட்டும் சாட்சிகளாக நிற்கின்றன. 1 கொரிந்தியர் 3:11-15-இல் ஒருவனுடைய வேலை முழுதும் வைக்கோலாய் எரிந்துபோனாலும், கிறிஸ்து என்ற அஸ்திபாரத்தில் நின்றதால் அவன் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோலத் தப்புகிறான்.

கிறிஸ்தவரல்லாதவர்கள் செய்யும் நன்மைக்கு மதிப்பில்லையா?

ரோமப் படைத்தலைவனான கொர்நேலியு ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே அவனுடைய ஜெபங்களும் தருமங்களும் கடவுளுக்கு முன் வந்தெட்டின (அப்போஸ்தலர் 10:4). பசித்தவனுக்கு யார் கொடுத்தாலும் அது சோறுதான். அவர்களுடைய மீட்பைப் பற்றிச் சபைகள் ஒரேமாதிரி பேசுவதில்லை: இங்கிலாந்துத் திருச்சபையின் 39 பிரமாணங்களில் 13-ஆவது, விசுவாசத்திலிருந்து பிறக்காத செயல்கள் கடவுளுக்குப் பிரியமானவையல்ல என்று கண்டிப்பாகப் பேசுகிறது, இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல் மனச்சாட்சியின்படி கடவுளைத் தேடுவோரும் அவருடைய அருளால் மீட்படையலாம் என்கிறது. ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை: யார் மீட்கப்பட்டாலும் அது கிருபையால்தான். அயலாரின் நல்ல குணத்தைக் குறைத்துப் பேசி நம் விசுவாசத்தை உயர்த்த வேண்டிய அவசியமில்லை.

இரட்சிப்பை இழக்க முடியுமா?

கால்வின் வழிவந்த சபைகள் முடியாது என்கின்றன (1618-19-இல் கூடிய டார்ட் சங்கம்). லூத்தரன், மெதடிஸ்டு, கத்தோலிக்கப் போதனைகளின்படி விசுவாசத்தை விட்டு விலக முடியும், திரும்பவும் வரலாம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பாவத்தில் மறுபடி விழுந்து கலங்கியிருப்பவர்கள். பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு, நம் இருதயம் நம்மைக் குற்றப்படுத்தினாலும் தேவன் அதைவிடப் பெரியவர் என்று சொல்லும் 1 யோவான் 1:9-உம் 3:20-உம் அவர்களுக்கு உடனே தேவை. கொள்கை விவாதம் பிறகு இருக்கட்டும்.

நான் நன்றியால் செய்கிறேனா, சம்பாதிக்கச் செய்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில அடையாளங்கள் உண்டு. கல்வெட்டில், அறிக்கையில் பெயர் விடுபட்டால் கோபம் வருகிறதா? வியாதி வந்ததும் "இவ்வளவு ஊழியம் செய்தேனே" என்ற நினைப்பு எழுகிறதா? ஒரு வாரம் ஜெபிக்கத் தவறினால் கடவுளிடம் திரும்பிப் போகவே கூச்சமாயிருக்கிறதா? லூக்கா 18-இல் ஜெபிக்கும் பரிசேயனைப்போல மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நிம்மதி கிடைக்கிறதா? ஆம் என்றால் கணக்குப் புத்தகம் இன்னும் திறந்திருக்கிறது.

அதற்காக நற்கிரியையை நிறுத்திவிட வேண்டாம். நோக்கம் முழுச் சுத்தமாகும்வரை காத்திருந்தால் பசித்தவன் பட்டினிதான் கிடப்பான். யாருக்கும் தெரியாத ஒரு உதவியை, திரும்பச் செய்ய வழியில்லாத ஒருவருக்கு, மாதம் ஒருமுறை செய்து பாருங்கள். செய்ததை வீட்டிலும் சொல்லாதீர்கள். மத்தேயு 6:3 சொல்வது அதைத்தான். அதோடு சங்கீதம் 51 அல்லது சபையின் பாவ அறிக்கை ஜெபத்தைத் தினமும் சொல்லுங்கள். தான் மன்னிப்பில் வாழ்கிறவன் என்பதை அது மறக்கவிடாது.

வேதாகமத்தில் எங்கே தொடங்கி வாசிப்பது?

லூக்கா 15, 18, 19 அதிகாரங்களில் தொடங்குங்கள்; கதைகள் முதலில் மனதில் நிற்கட்டும். அடுத்து எபேசியர் 2. பிறகு கலாத்தியர் முழுவதும்: 6 அதிகாரம், 149 வசனம், சத்தமாக வாசித்தால் அரை மணி நேரத்துக்குள் முடியும். மறுநாள் யாக்கோபு: 5 அதிகாரம், 108 வசனம். இரண்டுக்கும் நடுவே வேறெதையும் வாசிக்காதீர்கள். ரோமர் 3 முதல் 8 வரை வாசிப்பதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், நாளைக்கு ஒரு அதிகாரம். 4-ஆம் அதிகாரம் வாசிக்கும் நாளில் ஆதியாகமம் 15-உம் 17-உம் பக்கத்தில் திறந்திருக்கட்டும்.